மாறிய சட்டமும் மாறாத தண்டனையும்

திருவரங்குளத்தில் அஸர் தொழுகைக்குப் பின் அடியேன் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகளுக்கு அரபு எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், முதிய தாய் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். கையில் மடித்த காகிதங்கள். திருச்சி மத்திய சிறையில் தம் மகன் ஆயுள் தண்டனை அனுபவித்து வருவதாகச் சொன்னார். மனு எழுதித் தர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். ஆனால் அதற்கு முன்பாக அவர் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

"அஜரத்து, சட்டமெல்லாம் மாறிப் போச்சாமே. எம் மவன் உள்ளே போனது பழைய சட்டத்துலே. புதுச் சட்டத்துலே வந்த சலுகை அவனுக்கும் சேருமா, சேராதா?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் வாயிலிருந்து வந்த இக்கேள்வி, உலகின் பெரிய நீதிமன்றங்களையெல்லாம் திகைக்க வைத்த கேள்வி என்பதை அவர் அறியார். குற்றம் நிகழ்ந்தது ஒரு காலம். தீர்ப்பு வந்தது ஒரு காலம். சட்டம் இளகியது வேறொரு காலம். இம்மூன்றனுள் எந்தக் காலத்தின் அளவுகோலைக் கொண்டு அந்த மனிதனுடைய எஞ்சிய ஆண்டுகளை அளப்பது? அத்தாய்க்கு ஒரே வார்த்தையில் விடை கூற இயலவில்லை. பல இரவுகள் நூல்களைப் புரட்டிய பின் அறிந்தவற்றை ஈண்டு வாசகர்கள் முன் வைக்கின்றேன்.

மறக்கப்பட்ட முதல் மனு

சிறை என்றதும் நம் சமுதாயத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருபவர் நபி யூசுப் (அலை) அவர்கள். குற்றமற்றவர் என்பதற்கான சான்றுகள் தெரிந்த பின்னும் அவர்களைச் சிறையில் இட்டார்கள். உடனிருந்த கைதிகள் இருவருடைய கனவுகளுக்கு அவர்கள் விளக்கம் கூறினார்கள். அவ்விருவருள் விடுதலையாகப் போகிறவனிடம், உன் எசமானனிடத்தில் என்னைப் பற்றி எடுத்துச் சொல் என்று வேண்டிக்கொண்டார்கள். வெளியே சென்றவன் மறந்து போனான். அதன் பயனாய் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே இருக்க நேர்ந்தது. திருமறை அந்த ஆண்டுகளைக் குறிக்க ஆளும் அரபுச் சொல் மூன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள எண்ணைக் குறிப்பது என்று அகராதி ஆசிரியர்கள் கூறுவர். விரிவுரையாளர் பலர் ஏழு ஆண்டுகள் என்பர்.

இவ்வரலாற்றை நாம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே ஓதி வருகிறோம். அதில் மற்றொரு பாடமும் உண்டு. சிறையிலிருப்பவன் தன் வழக்கைத் தானே எடுத்துச் செல்ல இயலாதவன். வெளியில் இருப்பவன் நினைவூட்டினால்தான் உண்டு. அவன் மறந்தால் ஆண்டுகள் கழிகின்றன. யாரும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை. மறதி ஒன்றே ஒரு நபியைச் சிறையில் வைத்திருக்கப் போதுமானதாயிற்று.

இப்பாடத்தை நம் சட்ட மேதைகள் நன்கு உணர்ந்திருந்தனர். கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களுக்காகக் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை எழுதிய இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 182-இல், அதாவது கி.பி. 798-இல் மறைந்தவர்கள். அந்நூலில் கைதிகளுக்கென்றே ஒரு பகுதியை அவர்கள் ஒதுக்கியுள்ளார்கள். கைதியின் உணவுக்கு ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் எடுத்துக் கொள்வர். எனவே மாதந்தோறும் பணமாகவே அவன் கையில் கொடுக்க வேண்டும். கைதிகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி ஆடை தர வேண்டும். சங்கிலியோடு தெருவில் இரந்துண்ண விடலாகாது என்றெல்லாம் அறிவுறுத்துகிறார்கள். அனைத்திற்கும் மேலாக, அதிகாரிகள் கைதிகளின் வழக்குகளை இடைவிடாது பார்வையிட வேண்டும். அவ்வாறு செய்தால் சிறையில் இருப்போர் தொகையே குறைந்துவிடும் என்கிறார்கள். கைதி மனுப் போடட்டும், பார்க்கலாம் என்று அவர்கள் கூறவில்லை. பார்ப்பது ஆள்வோர் கடமை என்றார்கள்.

காழீகளின் ஒழுக்கம் பற்றி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இமாம் கஸ்ஸாஃப் அவர்களும், அவர்களுக்குப் பின் வந்த ஃபிக்ஹு நூலாரும், புதிதாகப் பதவியேற்கும் காழீ முதன்முதலாகக் கவனிக்க வேண்டியவற்றுள் கைதிகளின் நிலையைச் சேர்த்துள்ளனர். இவன் ஏன் இங்கிருக்கிறான், எவ்வளவு காலமாக இருக்கிறான், இன்னும் இருக்க வேண்டுமா என்று ஒவ்வொருவரைக் குறித்தும் கேட்டறிதல் வேண்டும்.

நம் தமிழ் மரபும் இதற்கு அயலானதன்று. மன்னனின் பிறந்த நாளான வெள்ளணி நாளில் சினம் தணிந்து சிறை விடுவது பழந்தமிழ் வழக்கு. அதிகாரிகளின் தவற்றால் சிறைப்பட்ட வார்த்திகனைப் பாண்டியன் விடுவித்து நிலமும் வழங்கிய செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். மணிமேகலை வேண்டியபடி சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான் என்று அக்காப்பியத்தில் ஒரு காதையே உண்டு.

பதினான்கா, இருபதா, ஆயுள் முழுவதுமா?

இனி நம் காலத்துச் சட்டத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில், தூக்குக்கு அடுத்த பெருந்தண்டனை நாடு கடத்தல். மக்கள் அதனைத் தீவாந்தர சிட்சை என்றனர். 1955-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் அத்தண்டனையை நீக்கி, அவ்விடத்தில் ஆயுள் சிறை என்று எழுதிற்று.

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடம் என்று நம் ஊர்களில் சிலர் சொல்வர். இருபது என்பாரும் உளர். இரண்டும் வெறும் வதந்தியல்ல. சட்டப் புத்தகத்திலிருந்து வழிதவறி வந்த எண்கள். அரசு ஆயுள் தண்டனையைக் குறைத்து மாற்றும்போது பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத சிறையாக மாற்றலாம் என்றது பழைய தண்டனைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடும்போது ஆயுளை இருபது ஆண்டுகளாகக் கொள்க என்றது 57-ஆம் பிரிவு. கணக்குக்காகச் சொன்ன எண்ணை மக்கள் விடுதலைக்கான எண்ணாகக் கொண்டனர்.

இக்குழப்பம் உச்சநீதிமன்றத்தின் முன்னும் வந்தது. காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் விநாயக் கோட்சே, நன்னடத்தைக்காகக் கிடைத்த கழிவு நாட்களையும் சேர்த்து இருபதாண்டுகள் நிறைவடைந்துவிட்டன என்றும், எனவே தன்னைச் சிறையில் வைத்திருக்கச் சட்டமில்லை என்றும் மனுச் செய்தார். 1961 ஜனவரியில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. ஆயுள் தண்டனை என்பது இயற்கை ஆயுள் முடியும் வரை. அரசு தன் அதிகாரத்தைக் கொண்டு குறைத்தாலன்றித் தானாகக் கதவு திறவாது என்பதே அத்தீர்ப்பு. 1964-இல் அவர் வெளிவந்தது அரசின் ஆணையால்தான். அன்று முதல் ஆயுள் கைதியின் நம்பிக்கை முழுவதும், தண்டனைக் குறைப்பு விதிகளையும் அவற்றை ஆளும் அரசையும் சார்ந்து நிற்கலாயிற்று. அவ்விதிகள் மாறும் போதெல்லாம் சிறைச் சுவர்களுக்குள் ஆயிரம் நெஞ்சங்கள் துடிப்பது அதனாலேயே.

கடுமை பின்னோக்கிப் பாயாது

சட்டம் இரு வழியில் மாறலாம்: கடுமையாகலாம், இளகலாம். கடுமையானால் என் செய்வது என்பதற்கு நம் அரசமைப்பின் 20-ஆம் உறுப்பு தெளிவான விடை தருகிறது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் இருந்த சட்டம் விதித்ததற்கு மேற்பட்ட தண்டனையை ஒருவனுக்கு விதிக்கலாகாது. முன்னறிவிப்பு இன்றித் தண்டனை இல்லை என்பது நம் மார்க்க நெறிக்கும் உடன்பாடானதே.

ஆயினும், தண்டனையைக் கூட்டாமல், விடுதலைக்கு மட்டும் தடை போட்டால்? இக்கேள்வி 1978-இல் எழுந்தது. சில மாநிலங்களில் கழிவுக்கு மேல் கழிவு தந்து, கொலைக் கைதிகள் சில ஆண்டுகளிலேயே வெளிவருவதாகக் குறை கூறப்பட்டது. பாராளுமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரும், மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப் பெற்றவரும் உண்மையாகவே பதினான்கு ஆண்டுகள் சிறையில் கழித்தால் அன்றி வெளியே விடலாகாது என்பது அதன் கருத்து. 1978 டிசம்பர் 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

விடுதலை நாளை எண்ணிக் கொண்டிருந்த கைதிகள் பலர் திடுக்கிட்டு உச்சநீதிமன்றத்தை அணுகினர். மாரு ராம் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1980 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ண ஐயர். குற்றங்களைத் தடுக்கத் தண்டனையின் அச்சமும் வேண்டும் என்பதை வலியுறுத்தித் தனியுரை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி. புதிய பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் 1978 டிசம்பர் 18-க்கு முன் விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களை அது தீண்டாது. அவர்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும் என்றும் கூறிற்று. அரசமைப்பின் 72, 161-ஆம் உறுப்புகளின்படி குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உள்ள மன்னிப்பு அதிகாரத்தை இப்பிரிவு கட்டுப்படுத்தாது; ஆனால் அதனை அமைச்சரவையின் அறிவுரைப்படியே ஆள வேண்டும் என்றும் தெளிவுறுத்திற்று. பின்னாளில் தமிழகத்துக் கைதிகள் பலருக்கு வாசல் திறந்தது இந்த ஒரு வரையறையால்தான்.

இளக்கம் பின்னோக்கிப் பாயுமா?

அத்தாயின் கேள்வி இதுவே. இதற்கு நம் நாட்டு வரலாறு மூன்று விதமாக விடையளித்துள்ளது.

முதல் விடை: பாயும். 1962-இல் பஞ்சாபில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தண்டிக்கப்பட்டான். அதற்குச் சில மாதங்கள் கழித்தே, இளங்குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வட்டாரத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ரத்தன் லால் வழக்கு எனப்படும் அதில் உச்சநீதிமன்றம், தண்டனையின் கடுமையைத் தணிக்கும் சட்டத்தை, வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போது பயன்படுத்தலாம் என்று கூறியது. அரசமைப்பு தடுப்பது கடுமையைத்தான், கருணையை அன்று.

மற்றொன்று, விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைப் பற்றியது. முற்காலத்தில் தீர்ப்புக்கு முன் எத்தனை ஆண்டுகள் அடைபட்டிருந்தாலும் அது தண்டனைக் கணக்கில் சேராது. பிணைக்குப் பணமில்லாத ஏழைக்கு இதனால் இரட்டைத் தண்டனை. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, அக்காலத்தைக் கழித்துக்கொள்ள வழி செய்தது. அப்படியாயின் அதற்கு முன்னரே தண்டிக்கப்பட்டவர்கள்? தில்லி திகார் சிறையில் இருந்த பூஷே பியர் ஆந்த்ரே என்பவர் இக்கேள்வியை எழுப்பினார். 1975-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் இடம்பெற்ற அத்தீர்ப்பு, தண்டனை இன்னும் நடந்துகொண்டிருக்குமாயின் பழைய கைதிக்கும் இப்பயன் உண்டு என்றது. ஆயுள் கைதிகளுக்கும் அது உண்டென்று 1985-இல் பகீரத் வழக்கில் உறுதியாயிற்று.

இரண்டாம் விடை: பாயாது, சட்டமே அணை கட்டியிருந்தால். 1985-இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பெரும் வணிகனையும் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டவனையும் பல இடங்களில் ஒரே தராசில் நிறுத்தியது. குறைந்தது பத்தாண்டுகள் என்பது அதன் கடுமை. பின்னர் இது நியாயமன்று என உணர்ந்து, 2001-இல் திருத்தம் கொண்டுவந்தனர். சிற்றளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என மூன்றாகப் பிரித்து, அளவுக்கேற்பத் தண்டனை வகுத்தனர். ஹெராயின் என்றால் 5 கிராம் வரை சிற்றளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அத்திருத்தச் சட்டமே ஒரு கோடு கிழித்தது. விசாரணையில் இருக்கும் வழக்குகளுக்குப் புதிய அளவுகோல். மேல்முறையீட்டில் இருப்பவற்றுக்குப் பழைய அளவுகோல். ஒரே நாளில், ஒரே அளவுப் பொருளோடு பிடிபட்ட இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவனுடைய வழக்கு விரைந்து முடிந்தது, மற்றவனுடையது இழுபட்டது. விரைந்து முடிந்தவனுக்குப் பத்தாண்டு, இழுபட்டவனுக்கு இளக்கம். கேரளத்திலிருந்து சென்ற பஷீர் வழக்கில் இந்த வேறுபாடு எதிர்க்கப்பட்டது. முடிந்துபோன விசாரணைகளையெல்லாம் மீண்டும் கிளறினால் திருத்தத்தின் நோக்கமே கெடும் என்ற காரணத்தை ஏற்று, அக்கோடு செல்லும் என்று 2004-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நோக்கில் இதற்கு விளக்கம் உண்டு. கோட்டுக்கு அப்பால் நின்றவனின் பிள்ளைகளுக்கு அவ்விளக்கத்தை யார் சொல்வது?

அமெரிக்க நாட்டிலும் இதையொத்த ஒரு வரலாறு உண்டு. அங்கே கொக்கேயின் என்னும் போதைப்பொருளின் இரு வடிவங்களில், கறுப்பின ஏழைகளிடம் மிகுதியாகப் பிடிபட்ட வடிவத்துக்கு, மற்றதைப்போல் நூறு மடங்கு கடுமை வைத்திருந்தனர். 2010-இல் அதனைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தனர். ஆயினும் முன்னரே தண்டனை பெற்றவர்கள் அச்சட்டத்தால் பயனடையவில்லை. எட்டாண்டுகள் கழித்து 2018-இல் மற்றொரு சட்டம் வந்தே, பழைய கைதிகளும் நீதிமன்றத்தில் மனுச் செய்து தண்டனையைக் குறைத்துக்கொள்ள வழி பிறந்தது. கட்டிய அணையைக் கட்டியவர்களே திறக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் விடை, ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றியது. ஒவ்வொரு மாநில அரசும் இதற்கெனக் கொள்கை வகுத்துக் காலந்தோறும் மாற்றி வருகிறது. எந்தக் காலத்துக் கொள்கை பொருந்தும்? 2010-இல் ஹரியானா அரசுக்கும் ஜகதீஷ் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்சநீதிமன்றம் விடை கூறிற்று. தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கையே அடிப்படை. அதன்பின் வந்த கொள்கை இன்னும் இளகியதாயிருப்பின் அதன் பயனையும் தர வேண்டும் என்பது அது. திருவரங்குளத்துத் தாய்க்கு நான் கண்டெடுத்த நேரான விடை இதுவே.

நம் மாநிலத்தில்

தமிழகத்தில் தலைவர்களின் பிறந்த நாட்களை ஒட்டி ஆயுள் கைதிகளை விடுவிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வெள்ளணி நாள் மரபின் எச்சம் என்றே கூறலாம். 2008-இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டின்போது, ஏழாண்டுகள் நிறைவு செய்த 1,405 ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். பதினான்காண்டு எல்லைக்கு முன்பே இது இயன்றது 161-ஆம் உறுப்பின் துணையால். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிப் பத்தாண்டுகள் நிறைவு செய்தோருக்கு ஆணை வந்தது. 2021-இல் அண்ணா பிறந்த நாளையொட்டி ஏறத்தாழ 700 பேரைக் குறித்து அறிவிப்பு வெளியாயிற்று.

இவ்வாணைகள் ஒவ்வொன்றிலும், இன்னின்ன குற்றத்தாருக்கு இது பொருந்தாது என்று ஒரு பட்டியலும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஆணையில் பயங்கரவாதம், மத மோதல் போன்றவை விலக்கப்பட்டவற்றுள் அடங்கும். நம் சமுதாயத்தைச் சேர்ந்த நெடுநாள் கைதிகள் சிலர் வெளிவர முடியாமற் போனது இதனாலேயே. இதைப் பற்றி எழுதும்போது நாம் நேர்மையோடு எழுத வேண்டும். 1998 பிப்ரவரி 14-இல் கோவையில் வெடித்த குண்டுகளால் 58 உயிர்கள் போயின. அந்த வீடுகளின் துயரத்தைச் சொல்லாமல் கைதிகளின் துயரத்தை மட்டும் சொல்வது நீதியாகாது. அதே வேளையில், முதுமையும் பிணியும் வந்து, இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்த ஒருவனை, அவனுடைய நடத்தையைப் பாராமல் குற்றத்தின் பெயரை மட்டும் பார்த்து விலக்குவது முறையா என்பதும் நேர்மையான கேள்வியே. இதனை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் பின்னர் 49 கைதிகளின் கோப்புகள் ஆளுநருக்கு அனுப்பப்பட்டதாக 2023 அக்டோபரில் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, பிறரும் உண்டு.

கோப்பு அனுப்பப்படுவதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல. பேரறிவாளன் விடுதலைக்கு அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பரில். ஆளுநர் மாளிகையில் அது ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்தது. கடைசியில் உச்சநீதிமன்றமே 142-ஆம் உறுப்பின் தனி அதிகாரத்தைக் கொண்டு 2022 மே 18-இல் அவரை விடுவித்தது. மறந்து போன அந்த எகிப்தியன் இன்று ஒரு மனிதனாக இல்லை. மேசையும் கோப்புமாக உருமாறியிருக்கிறான்.

மறுபக்கத்துக் கண்ணீர்

தண்டனைக் குறைப்பைப் பற்றிப் பேசுவோர் மறக்கலாகாத வழக்கு ஒன்றுண்டு. 2002-ஆம் ஆண்டு குஜராத் கலவரத்தில் பில்கீஸ் பானு என்னும் சகோதரிக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும், அவருடைய மூன்று வயதுக் குழந்தை உள்ளிட்ட குடும்பத்தார் கொல்லப்பட்டதையும் நாடறியும். ஆயுள் தண்டனை பெற்ற பதினொருவரைக் குஜராத் அரசு, பழைய 1992-ஆம் ஆண்டுக் கொள்கையைக் காட்டி, 2022 ஆகஸ்ட் 15-இல் விடுவித்தது. தண்டனை நாளின் கொள்கையே பொருந்தும் என்ற அதே நெறிதான் அங்கும் கூறப்பட்டது. வழக்கு மும்பையில் நடந்து தீர்ப்பானதால், முடிவு செய்யும் உரிமை மஹாராஷ்டிர அரசுக்கே உண்டு என்று கூறி 2024 ஜனவரி 8-இல் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கியது. பதினொருவரும் மீண்டும் சிறை புகுந்தனர்.

நம் ஷரீஅத்தில் கொலைக்குரிய பழியை மன்னிக்கும் உரிமை முதலில் கொலையுண்டவனின் வாரிசுகளுக்கே உரியது. அவர்கள் மன்னித்தால் அது பேரறம் எனப் போற்றப்படும். மன்னிக்குமாறு அவர்களை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. இன்றைய சட்டம் அம்முறையில் அமையவில்லை எனினும், அதன் உட்கருத்து என்றும் பொருந்தும். இளக்கம் வேண்டுமென்று கேட்கும் நாம், இன்னொரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழும் தாயையும் எண்ணிக்கொண்டே கேட்க வேண்டும். நம் மகனுக்கு ஒரு நெறி, பிறர் மகனுக்கு ஒரு நெறி என்று வைத்தால் நாம் கேட்பது நீதியன்று, சலுகை.

மனுவின்றியும் திறக்கும் கதவு

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. முன் சொன்ன 433-ஏ பிரிவு அதில் 475-ஆகவும், 428 பிரிவு 468-ஆகவும் தொடர்கின்றன. இளக்கமான ஒரு புதுமையும் உண்டு. முன்னர் எக்குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அக்குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் அடைபட்டிருந்தால், அவரைப் பிணையில் விட வேண்டும் என்கிறது 479-ஆம் பிரிவு. மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. 2024 ஆகஸ்ட் 23-இல் உச்சநீதிமன்றம், இந்தச் சலுகை ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் உண்டு என்று ஆணையிட்டது. இதற்கான விண்ணப்பத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும் கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்தியுள்ளது.

அதனினும் பெரிது 2025 பிப்ரவரி 18-இல் வந்த தீர்ப்பு. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி விண்ணப்பம் செய்யாவிடினும், அரசு தானாகவே அவருடைய வழக்கைப் பார்வையிட வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையே இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. இத்தீர்ப்பைப் படித்தபோது என் மனம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்றது. கைதிகளின் வழக்குகளை ஆள்வோர் தாமே பார்க்கட்டும் என்று இமாம் அபூ யூசுப் அவர்கள் கலீஃபாவுக்கு எழுதியதும் இதுதானே!

அத்தாய்க்கு நான் கூறிய விடையை ஈண்டு தொகுத்துச் சொல்கிறேன். சட்டம் கடுமையானால் அது உம் மகனைத் தொடாது. இளகினால், சட்டமே தடுத்தாலன்றி, அதன் பயனைக் கேட்க அவனுக்கு வழியுண்டு. தண்டனை பெற்ற நாளின் கொள்கையையும் இன்றைய கொள்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விலக்குப் பட்டியலில் அவன் வழக்கு வருகிறதா என்று முதலில் அறிய வேண்டும். விசாரணைக் காலம் கணக்கில் சேர்ந்துள்ளதா என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு வழக்கறிஞர் கூலி இல்லையே என்று கலங்க வேண்டா. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சிறைப்பட்டோருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.

அனைத்தையும் கேட்டுவிட்டு அவர், "அப்போ மனு எழுத வேணாமா அஜரத்து?" என்றார். எழுதத்தான் வேண்டும் என்றேன். அரசு தானாகப் பார்க்கும் என்று தீர்ப்பு கூறினாலும், நினைவூட்டும் கடமை நம்மை விட்டு நீங்காது. அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். மகனின் பெயர், சிறைக் கைதி எண், தண்டனை நாள், கழித்த ஆண்டுகள், அவ்வளவே. நடந்த குற்றத்தை மறைத்து ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரும் எழுதச் சொல்லவில்லை. இறுதியில், இறந்தவனின் வீட்டாருக்காகவும் தாம் துஆச் செய்து வருவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சட்டத்தில் அவ்வரிக்கு மதிப்புண்டோ இல்லையோ, சேர்த்து எழுதினேன்.

நம் மஹல்லாக்களில் நிக்காஹ் புத்தகம் இருக்கிறது. ஜனாஸாக் கணக்கும் இருக்கிறது. ஊரார் யார் எந்தச் சிறையில், எந்நாள் முதல் இருக்கிறார் என்று ஒரு பதிவேடு இருக்கிறதா? கைதிகளின் பெயர்களை எழுதி வையுங்கள் என்று நம் இமாம் சொன்னது கலீஃபாவுக்கு மட்டுமன்று. உடனிருந்து வெளியேறி மறந்து போனவர்களின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல், நினைவூட்டுவோரின் கூட்டத்தில் சேர்த்து வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக.